அந்த எண்ணெயின் பெயரை மட்டும் சொல்லமாட்டேன்

கேள்வி (திருகோணமலை, பாலையூற்று வாசகர், வயது 67):

ஐயா, நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்து ஓய்வுபெற்றவன். வீட்டின் பின்பக்கத்தில் தகரக் கொட்டில் ஒன்று போட்டு அப்பாவின் சாமான்களை அங்கே வைத்திருக்கிறேன். வெள்ளைக்காரன் போகும்வரை அப்பா கடற்படைத் தளத்தில் பிற்றராக இருந்தவர். அவர் பிறகு வாங்கிய பிலிப்ஸ் வால்வு வானொலி முப்பது வருடமாகப் பேசவில்லை. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். வால்வுகளில் யூசிஎச் 81, யூபிஎஃப் 89, யூஎல் 84, யூவை 85 என்று இருக்கிறது. நேரே மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாமா? உள்ளே புளூடூத் பலகை ஒன்றைப் பொருத்தித் தருவதாகப் பேரன் சொல்கிறான். உளியும் ஸ்பனரும் கிடக்கும் ஆயுதப்பெட்டி துருவேறுகிறது, அதற்கும் வழி சொல்லுங்கள். இந்த வயதில் அமெச்சூர் வானொலி அனுமதி எடுக்கலாமா? எல்லாவற்றையும் விற்கச் சொல்கிறான் கனடாவில் இருக்கும் மகன். கொட்டில் என்ற சொல்லைக் கேட்டாலே மனைவிக்குக் கோபம் வருகிறது. கடைசியாக ஒன்று: தம்பலகாமத்தில் வயல்வாடியை இடித்தபோது முகட்டில் சாக்கில் சுற்றியபடி அப்பப்பாவின் ஒற்றைக்குழல் துவக்கு கிடைத்தது. இப்போது கொட்டிலில் இருக்கிறது. ஞாபகத்துக்காகச் சுவரில் மாட்டலாம் என்று நினைக்கிறேன். துரு போக என்ன எண்ணெய் நல்லது?

பதில்:

மூலக் கடிதம் நான்கு பக்கம். மேலே இருப்பது அதன் சாரம்தான். அந்த நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் வானொலியும் ஆயுதப்பெட்டியும் எடுத்துக்கொண்டன. துவக்குக்கு ஐந்தே வரி, அதுவும் கடிதத்தின் வாலில். ஐம்பது வருடமாகப் பிறர் வீட்டு வானொலிப் பெட்டிகளைத் திறந்து பிழைத்தவன் நான். கடைக்கு வந்தவர் படியிறங்கும்போது திரும்பிப் பார்த்து, "இன்னொன்று, சில நேரம் புகையும் வருகிறது" என்பார். கோளாறு அங்கேதான் இருக்கும். உங்கள் கடிதத்திலும் அப்படித்தான், ஆகவே வாலில் இருந்தே தொடங்குகிறேன். உங்களைவிட ஐந்து வயது மூத்தவன் என்பதால் தம்பி என்று அழைக்கிறேன், குறை நினைக்க வேண்டாம்.

தம்பி, அந்த எண்ணெயின் பெயர் எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன்.

நம் மொழியில் உளியும் ஆயுதம், துவக்கும் ஆயுதம். என் அப்பா நவராத்திரியில் இரண்டையும் ஒரே வாழை இலையில் வைத்துச் சந்தனப் பொட்டு இட்டதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்துக்கு ஆயுத பூசை தெரியாது. துவக்கு அனுமதிப்பத்திரம் வருடா வருடம் டிசம்பர் 31இல் முடிகிறது. அது ஆளுக்குக் கொடுப்பது, வீட்டுக்கோ வயலுக்கோ அல்ல. உங்கள் அப்பப்பா காலமானதோடு அவருடைய பத்திரமும் காலமாகிவிட்டது. இன்று அந்தத் துவக்கு உங்கள் கொட்டிலில் இருப்பது, சுட்டாலும் சுடாவிட்டாலும், அனுமதியில்லாத சுடுகலன் ஒன்று உங்கள் வசம் இருப்பதுதான். சுவரில் ஆணியடித்து மாட்டினால் அது அலங்காரப் பொருளாகிவிடாது. வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் பார்க்கும் இடத்தில் குற்றத்தைத் தொங்கவிட்டிருக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம். அதுவும் நம்முடைய மாவட்டத்தில், நம்முடைய அனுபவங்களோடு.

செய்ய வேண்டியது இதுதான். இன்றைக்கே கொட்டிலைப் பூட்டுங்கள். பேரனுக்குத் திறப்பு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டாம். துவக்கைத் துடைக்க வேண்டாம், மடித்துத் திறந்து பார்க்க வேண்டாம், சாக்கோடு இருக்கட்டும். ஒரு சட்டத்தரணியிடம் போய், எந்த நாளில், எந்த இடத்தில், யார் முன்னிலையில் கிடைத்தது என்பதைச் சொல்லி எழுத்தில் வையுங்கள். வாடியை இடித்த ஆட்கள் சாட்சி. பிறகு அவர் மூலமாகப் பொலிசுக்கும் கிராம அலுவலருக்கும் அறிவித்து, அவர்கள் வந்து எடுத்துப்போகும்படி செய்யுங்கள். நல்ல மனதோடுதானே கொடுக்கப்போகிறேன் என்று அதை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு நீங்களே புறப்பட வேண்டாம். வழியில் மறித்தால் உங்கள் நல்ல மனதைக் காட்ட உங்களிடம் துண்டுக் காகிதம்கூட இருக்காது. நான் வானொலிக்காரன், சட்டத்தரணி அல்லன். அதனால்தான் முதலில் அவரிடம் போகச் சொல்கிறேன்.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்தாலும் இரும்பின் கதை இருக்கிறது. பழைய ஒற்றைக்குழல் என்றால் பெரும்பாலும் பன்னிரண்டு ‘போர்’ என்ற குழல் அளவு. ஒரு இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாகப் போகுமோ, அதுதான் அந்தப் போர். கணக்கில் ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர். பழைய துவக்குகளில் தோட்டா இருக்கும் அறை இரண்டரை அங்குலத்துக்கு வெட்டப்பட்டிருக்கும். பின்னாளில் வந்த தோட்டா இரண்டே முக்கால் அங்குலம். சுடாத தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் அறைக்குள் போய்விடும், சுட்டவுடன் மடிப்பு விரிய இடம் இல்லாமல் குழலை நெரிக்கும், அழுத்தம் ஏறும். இதோடு முகட்டில் இத்தனை வருடம் இருந்த துருவின் குழிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது வாய்ப்பக்கம் வெடிக்காது, இடதுகை பிடிக்கும் இடத்தில் வெடிக்கும். வயலில் பன்றி வருகிறது, யானை வருகிறது என்று நாளைக்கு யாராவது ஒருவர் அதை இரவல் கேட்பார். தம்பலகாமத்தில் கேட்காமல் இருக்கமாட்டார்கள். அதற்கு முன்னால் அது உங்கள் கையை விட்டுப் போய்விட வேண்டும்.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. டிசம்பர் பிறந்தால் அப்பா சலவை வேட்டி கட்டிக்கொண்டு, துவக்குப் புத்தகத்தைப் பொலித்தீனில் சுற்றி, மாவட்டக் கச்சேரி அலுவலகத்துக்குப் போவார். திரும்பி வரும்போது எனக்குத் தோடம்பழ இனிப்பு. எண்பதுகளில் ஒரு நாள் அதைக் கொண்டுபோய்க் கையளித்துவிட்டுத் துண்டு ஒன்று வாங்கி வந்தார். துவக்கு திரும்பி வரவேயில்லை. துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, நீலக் காபன் எழுத்து பாதி மங்கிவிட்டது. வீட்டில் வைத்திருக்கக்கூடிய ஞாபகம் அந்த அளவுதான். உங்களுக்கும் ஒரு துண்டு தருவார்கள். அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுங்கள், நான் வந்து பார்க்கிறேன்.

இனி வானொலி. உங்கள் கடிதத்தில் மிகப் பெறுமதியான வரி, வால்வு இலக்கங்களை எழுதிய வரி. அதை எழுதாமல் விட்டிருந்தால் நான் வேறு பதில் சொல்லியிருப்பேன், அது உங்களுக்கு ஆபத்தாகவும் முடிந்திருக்கும். ஐரோப்பிய வால்வுகளில் முதல் எழுத்துத்தான் சாதகக் குறிப்பு. ‘ஈ’ என்று தொடங்கினால் 6.3 வோல்ற்றில் எரியும் இழை, உள்ளே பெரும்பாலும் ரான்ஸ்போமர் இருக்கும். ‘யூ’ என்று தொடங்கினால் 100 மில்லிஅம்பியரில் எரியும் இழை. எல்லா இழைகளையும் கோவில் திருவிழாச் சரவிளக்குப் போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்து நேரே மின்சாரத்தில் மாட்டியிருப்பார்கள். உங்கள் பெட்டியில் யூசிஎச் 81க்கு 19 வோல்ற்று, யூபிஎஃப் 89க்கு 19, யூஎல் 84க்கு 45, யூவை 85க்கு 38. கூட்டினால் 121. வீட்டு மின்சாரம் 230. மிச்சம் 109 வோல்ற்றையும் ஒரு தடித்த ரெசிஸ்டர் சூடாக்கித் தின்கிறது, ஏறக்குறைய 11 வாற்று. அந்தப் பெட்டியின் மேல்பக்கத்தில் ஒரு மூலை மட்டும் நிறம் மாறியிருந்தால் அதற்குக் காரணம் இதுதான். சரவிளக்கில் ஒன்று போனால் எல்லாம் அணைவது போல, இதில் ஒரு வால்வின் இழை அறுந்தாலும் முழுப் பெட்டியும் இருண்டுவிடும்.

ரான்ஸ்போமர் இல்லை என்பதற்கு இன்னோர் அர்த்தம் உண்டு. உள்ளே இருக்கும் தகரச் சட்டம், அதாவது சேசிஸ், மின்கம்பியின் ஒரு முனையோடு நேரே சேர்ந்திருக்கிறது. இரண்டு ஊசிப் பிளக்கை ஒரு பக்கமாகக் குத்தினால் சேசிஸ் சாது. திருப்பிக் குத்தினால் 230 வோல்ற்றோடு உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒற்றைக் கம்பியை மட்டும் துண்டிக்கும் சுவிட்ச் உள்ள சில பெட்டிகளில், வானொலியை நிறுத்திய பிறகும் சேசிஸில் மின்சாரம் நிற்கும். இழைகளின் வழியாகச் சுற்றி வந்துவிடும். ஆகவே இந்தச் சாதியில் சுவிட்சை நம்புவதில்லை, பிளக்கைக் கழற்றிக் கண் முன்னால் மேசையில் வைக்கிறோம். 1974இல் இதே ரகப் பெட்டி ஒன்று, குமிழ் கழன்று வெறும் உலோகத் தண்டு நீட்டிக்கொண்டிருந்தது. ஒலியைக் கூட்டுவதற்காக விரலால் தொட்டேன். நடு விரலும் மோதிர விரலும் இரண்டு நாள் என் விரல்களாக இருக்கவில்லை. குமிழ் இல்லாமலும் பின்மூடி இல்லாமலும் இந்தப் பெட்டியை யாரும் தொடும் இடத்தில் ஓடவிட வேண்டாம்.

உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: நேரே மின்சாரம் கொடுக்கக்கூடாது. முப்பது வருடம் சும்மா கிடந்த எலெக்ட்ரோலைட்டிக் கொன்டென்சருக்குள் இருக்கும் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் தேய்ந்துபோயிருக்கும். முழு மின்சாரமும் பாய்ந்தால் அது சூடேறி வெடிக்கும், கூடவே மின்சாரத்தை ஒரு திசைப்படுத்தும் வால்வான யூவை 85ஐயும் கொண்டுபோகும். சாம்பல் நிறத்தில் நிற்கும் அந்த அலுமினியக் குப்பியை மாற்றிவிடுங்கள். மேலே எழுதியிருக்கும் மைக்ரோஃபரட்டை விடப் பெரியது போட வேண்டாம், பெரியது நல்லது என்று கடைக்காரர் சொன்னாலும் போட வேண்டாம். வோல்ற்று அளவு மட்டும் குறையாமல் இருக்கட்டும்.

அடுத்தது, சின்னது, ஆனால் வில்லன் அதுதான். ஒலியைப் பெருக்கும் யூஎல் 84இன் கிரிட்டுக்கு, அதாவது வால்வின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் உள்கம்பிக்கு, வருகிற கடதாசிக் கொன்டென்சர், 0.01 மைக்ரோஃபரட் அளவில் இருக்கும், மெழுகு பூசியது. நம்முடைய கடற்கரை ஈரத்தில் அது கசியாமல் இருந்தால் அதிசயம். கசிந்தால் கிரிட்டுக்கு நேர்மின்னழுத்தம் ஏறி, வால்வு மூச்சுவிடாமல் ஓடி, உள்ளே இருக்கும் தகடு செம்மண் நிறத்தில் பழுக்கும். பிறகு ஒலி ரான்ஸ்போமர் எரியும். அது கிடைக்காத சாமான். என் இருபத்தைந்தாவது வயதில், பெட்டி பாடத் தொடங்கிவிட்டது என்ற சந்தோசத்தில் இந்த ஒன்றை மாற்றாமல் கொடுத்தேன். மூன்றாம் நாள் அந்த வீட்டு அம்மா புகை நாற்றத்தோடு பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

இவ்விரண்டையும் மாற்றிய பிறகு முதல் ஓட்டம் தொடர் மின்குமிழோடு. ஒரு கம்பியை வெட்டி, நடுவில் 60 வாற்று மின்குமிழ் ஒன்றை மாட்டுங்கள். எல்ஈடி உதவாது, பழைய இழை மின்குமிழ்தான் வேண்டும். உள்ளே எங்காவது ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தால் குமிழ் முழு வெளிச்சத்தோடு எரியும், பெட்டி தப்பிவிடும். கோளாறு இல்லையென்றால் குமிழ் மங்கலாக நிற்க, வால்வுகளின் அடியில் செம்பொட்டுகள் மெல்லத் தெரியும். தூசி சூடேறும் மணம் வரும். அந்த மணம் எனக்குச் சாம்பிராணி மாதிரி. இந்த வேலையெல்லாம், பெட்டியை வீட்டு மின்கம்பியோடு நேரே சேரவிடாத, ஒன்றுக்கு ஒன்று விகிதத் தனிப்படுத்தும் ரான்ஸ்போமர் ஒன்றின் வழியாகத்தான். அது இல்லாத கொட்டிலில் இந்தப் பெட்டியைத் திறக்க வேண்டாம், இருக்கும் ஒருவரிடம் கொண்டுபோங்கள். அளக்கும்போது ஒரு கை மட்டும் உள்ளே போகட்டும். மற்றதைச் சட்டைப்பையில் வைக்கச் சொல்லிப் புத்தகங்களில் எழுதுவார்கள். சாரத்துக்குப் பை கிடையாது, இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். காலில் இறப்பர்ச் செருப்பு.

பேரனின் யோசனைக்கு வருகிறேன். பையன் கெட்டிக்காரன், அவனைத் தட்டிவிட வேண்டாம். ஆனால் சேசிஸ் மின்சாரத்தோடு சேர்ந்த பெட்டிக்குள் புளூடூத் பலகையை வைத்து, ஒரு நாள் அதற்குச் சார்ஜரையோ தொலைபேசியையோ கம்பியால் மாட்டினால், தொலைபேசியின் உலோக விளிம்புவரை 230 வோல்ற்று வந்து நிற்கும். பின்னால் இசைத்தட்டுக்கென்று இரண்டு துளைகள் இருந்தாலும் அதில் தொலைபேசியை மாட்டுவது அதே கதைதான். உண்மையிலேயே ஆசையென்றால் பெட்டியை நிரந்தரமாகத் தனிப்படுத்தும் ரான்ஸ்போமரில் ஓட்டி, ஒலிக்கும் ஒரு சிறிய பிரிக்கும் ரான்ஸ்போமர் போட்டு, தெரிந்த ஒருவர் செய்ய வேண்டும். அதைவிட, கடையில் தனியாக ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கிப் பெட்டியின் மேலே வைத்துவிடலாம். உங்கள் அப்பாவின் பெட்டி மேசையாக இருப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை.

"ஓடவிட்டால் என்ன கேட்கும்?" என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். இப்போது நிலையங்கள் பெரும்பாலும் எஃப்எம்மில். உங்கள் வால்வு வரிசையில் எஃப்எம்முக்கான வால்வு இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து நேச நாடுகளின் தென்கிழக்காசியக் கட்டளையகம் விட்டுச்சென்ற சிற்றலை ஒலிபரப்பிதான் 1949இல் ரேடியோ சிலோனுக்குக் கடல்கடந்த குரலைக் கொடுத்தது. நம்முடைய ஊரிலேயே ஜேர்மனியின் டொய்ச்ச வெலெ அஞ்சல் நிலையம் நடத்தியது. ஊர்க்காரனுக்கு அன்ரெனாக் கம்பங்களைப் பார்த்தே பாதி உலகம் தெரிந்த காலம். பிபிசி தமிழோசை 2017 ஏப்ரல் 30ஆம் திகதி இரவோடு வானொலியில் நின்றுபோனது. சிற்றலையில் இன்று தேடத்தான் வேண்டும். தேடுவதானால் இரவில், வீட்டு எல்ஈடி விளக்குகளையும் சார்ஜர்களையும் நிறுத்திவிட்டுத் தேடுங்கள். மத்திய அலையில் வரும் அந்தக் கரகரப்பில் பாதி வானத்தில் இருந்து வருவதல்ல, உங்கள் கூடத்து மின்குமிழ்களில் இருந்து வருவது.

கேட்பதற்கென்று மட்டும் ஒரு வானொலி வேண்டுமானால் பற்றரியில் ஓடும் சிறியது ஒன்று வாங்கி, வாசல் அலமாரியில் வைத்துவிடுங்கள். இதில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. 1964 டிசம்பர்ப் புயல் நம்மைத் தூக்கி அடித்தபோது நான் சிறுவன். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் நமக்குப் பக்கத்தில் கரையேறியது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. கைத்தொலைபேசிக் கோபுரத்துக்கும் மின்சாரம் வேண்டும் என்பது அன்றைக்குப் பலருக்கு ஞாபகம் வந்தது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பற்றரி போகாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்டார்கள். அவ்வளவு பாடுபட்டுக் கேட்ட சனம் நாம். இரண்டு பென்டோர்ச் பற்றரி வாங்கி வைக்க நமக்கு என்ன வில்லங்கம்? பாவிக்காத நாட்களில் பற்றரியைக் கழற்றி வையுங்கள், இல்லாவிட்டால் ஒழுகி ஸ்பிரிங்கைத் தின்றுவிடும்.

ஆயுதப்பெட்டி. அப்பா கடற்படைத் தளத்தில் இருந்தவர் என்கிறீர்களே, அந்த வைஸையும் பெரிய ஸ்பனர்களையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். கோழிக்கால் பதித்தது போல மூன்று கோடு சேர்ந்த ஓர் அம்பு தெரியலாம். பிரித்தானிய அரசின் சொத்து என்ற அடையாளம் அது. 1957இல் அவர்கள் தளத்தைக் கையளித்துப் போனபோது எது விற்கப்பட்டது, எது சாப்பாட்டுப் பெட்டியில் வெளியே வந்தது என்று இப்போது கணக்குப் பார்க்கத் தேவையில்லை. எனக்குத் தொழில் சொல்லித்தந்தவரும் அங்கே வேலைசெய்தவர்தான். அவருடைய குறடும் அம்பு போட்டதுதான், அது இன்று என் மேசையில் இருக்கிறது. அந்த இரும்பைப் போல இப்போது வாங்க முடியாது. அதனால் மகன் சொல்கிறான் என்று பழைய இரும்புக்காரனுக்கு நிறுத்துப் போட்டுவிட வேண்டாம்.

துரு போவதற்கு: வினாகிரியில் ஓர் இரவு, காலையில் கம்பித் தூரிகை, பிறகு அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, உடனே வெயிலில் காயவைத்து எண்ணெய் பூசுங்கள். கழுவாமல் விட்டால் மத்தியானத்துக்குள் மறுபடியும் மஞ்சள் பூக்கும். இது உளிக்கும் ஸ்பனருக்கும் சொன்னது. துவக்குக்குச் சொல்லவில்லை. எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசி பிடித்துச் சிக்கு மணம் அடிக்கும். எல்லோரும் தூக்கிக்கொண்டு திரியும் டபிள்யூடி-40 ஈரத்தை வெளியேற்றத்தான் செய்யப்பட்டது, பெயரிலேயே அதுதான் இருக்கிறது. இறுகியதைக் கழற்ற நல்லது, மாரிக்குக் காவல் வைக்க மெல்லியது. வாடைக்காற்று வரும் முன்னால், ஒக்டோபருக்குள், இந்த வேலையை முடியுங்கள். கச்சான் வீசும் மாதங்களில் தகரக் கொட்டில் அடுப்பு, மாரியில் அதுவே வியர்க்கும் பானை. உளிகளையும் சீவுளிகளையும் மீற்றரையும் வீட்டுக்குள் ஓர் அலமாரிக்குக் கொண்டுவாருங்கள்.

நஷனல் ரான்சிஸ்டரின் பிளஸ் திருகாணிகள் தேய்ந்து கழற்ற முடியவில்லை என்று மூன்றாம் பக்கத்து ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். உங்கள் கையில் குற்றம் இல்லை. யப்பானியத் திருகாணிக்கு யப்பானிய அளவுத் திருப்புளி வேண்டும். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் சாதாரண பிளஸ் திருப்புளி அதில் அடிவரை உட்காராமல் ஏறி வழுக்கும். தேய்ந்த தலைக்கு மேல் ஓர் இறப்பர் வளையத்தை வைத்து அழுத்தித் திருப்பிப் பாருங்கள். வோல்ற்றும் ஓமும் அளக்கும் உங்கள் அவோ மீற்றரின் ஊசி ஓம் பகுதியில் பூச்சியத்துக்கு வரவில்லை என்றால் உள்ளே இருக்கும் பற்றரிகள் போய்விட்டன. பெரிய ஓம்களுக்கென்று 15 வோல்ற்றுப் பற்றரி ஒன்று தனியாக இருக்கும், பலர் அதை மறந்துவிடுவார்கள்.

அமெச்சூர் அனுமதிக்கு வயது தடையில்லை. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சை எழுதி, தொடக்க நிலையில் சேரலாம். 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். நீங்கள் ஓம் விதியை இன்னும் மறக்கவில்லை என்று கடிதத்திலேயே தெரிகிறது. 2004 சுனாமியில் அம்பாந்தோட்டையில் தொலைபேசி செத்துக் கிடந்தபோது செய்தி அனுப்பியவர்கள் இந்த அனுமதி வைத்திருந்த பொழுதுபோக்காளர்கள்தான். பொழுதுபோக்கு என்று சிரிக்கிறவர்களுக்கு இன்னொன்று சொல்லுங்கள். செய்மதியை விண்ணில் ஓரிடத்தில் நிறுத்தி உலகத்தோடு பேசலாம் என்று 1945இல் ஒரு வானொலி இதழில் எழுதிய ஆர்தர் சி. கிளார்க்தான், 1956இல் நம்முடைய சுவாமி மலையடியில் கடலுக்குள் மூழ்கிக் கோணேசர் கோவிலின் தூண்களைப் பார்த்தார். பத்திரம் வரும்வரை இணையத்தில் விற்கிற வோக்கி டோக்கியை வாங்கிப் பேசிப் பார்க்க வேண்டாம். இதுவும் பத்திரம் வேண்டிய சாமான்தான், ஆனால் துவக்கைப் போல அல்ல, படித்தால் கிடைக்கும்.

மகன் விற்கச் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. நீங்கள் ஒரு வருடமாகத் தொடாத ஆயுதங்களை ஒரு பக்கம் எடுத்து வையுங்கள். ஒரே அளவில் ஆறு ஸ்பனர் எவருக்கும் தேவையில்லை. தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போகிற பையன் ஒருவன் உங்கள் ஒழுங்கையிலும் இருப்பான். அவனைக் கூப்பிட்டு, பாவித்துக் காட்டி, அவன் கையில் கொடுங்கள். விற்றால் வருகிற காசு ஒரு மாத மருந்துக்கும் காணாது.

மனைவியின் கோபத்துக்கு நான் மருந்து சொல்ல முடியாது. ஆனால் நான்கு பக்கக் கடிதத்தில் கொட்டிலில் இருக்கும் ஒவ்வொரு திருகாணிக்கும் இடம் இருந்தது, அவர் அந்தக் கொட்டிலில் இருந்து வீட்டுக்கு எதையாவது திருத்திக் கொண்டுவரச் சொன்னாரா என்பது இல்லை. என் மனைவி பதினெட்டு வருடம் கேட்டுக்கொண்டிருந்தது கிணற்றடிக் கப்பியின் கிறீச்சொலியை நிறுத்தும்படி. நான் அந்தப் பதினெட்டு வருடமும் ஊரார் வானொலியில் இரைச்சலை நிறுத்திக்கொண்டிருந்தேன்.

தையல் மெஷின் எண்ணெய் வாங்கச் சொன்னேன் அல்லவா? வீட்டில் மெஷின் இருந்தால் முதலில் அதன் மேல்மூடியைத் திறந்து, துளைகளில் ஒவ்வொரு சொட்டு விட்டு, வெறுமனே ஐந்து நிமிடம் ஓட்டி, கசிந்த எண்ணெயைப் பழந்துணியால் ஒற்றி எடுங்கள். உளிகளுக்குப் பிறகு விடலாம்.